பத்தேகாலுக்கே வந்துவிட்டது

உன் அப்பாவின் வலது கண்ணைக் கெடுத்தது நீ. இதை இரண்டு இன்லண்டு கடிதத்தில் எழுதிவிட்டேன். முதலாவதற்கு, பெங்களூரில் குளிர் அதிகம், கம்பளி வாங்கிவிட்டேன் என்று பதில் போட்டாய். இரண்டாவதற்குப் பதிலே இல்லை. அதனால் மூன்றாவதை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன் விடுதிக்கு இது வருகிறது, சாப்பாட்டு மேசையில் கைக்குக் கை மாறிப் படிப்பீர்கள் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். யார் பெயரையும் போடவில்லை. தேனியில் நாலு பேர் யாரென்று கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும். பெற்றவள்தான், ஆனாலும் உனக்கும் எனக்கும் பதினெட்டு வயதுதான் வித்தியாசம். பெரிய மனுஷியாகப் பொறுத்துப் போவதற்கு எனக்கு இன்னும் பழகவில்லை. இன்னும் ஐந்து வாரத்தில் நீ வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறாய். அதற்கு முன்னால் இங்கே ஒரு வேலை பாக்கியிருக்கிறது. அதை உன்னைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

நம் பிழைப்பு உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அல்லிநகரத்தில் நியான் விளக்குப் பலகை செய்கிற கடை நம்முடையது. கண்ணாடிக் குழாயைத் தீயில் இளக்கி, ஒரு முனையில் மாட்டிய ரப்பர் குழாயை வாயில் கவ்வி ஊதிக்கொண்டே எழுத்தாக வளைப்பது உன் அப்பா. வளைத்த குழாயைப் பம்பில் மாட்டி உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, வாயு நிரப்பி, டிரான்ஸ்பார்மரில் கொடுத்து எரிய வைப்பது நான். ஆண்டிபட்டியிலிருந்து கம்பம் வரைக்கும் ஜவுளிக்கடைக்காரர்கள் பெயரையும் தியேட்டர்காரர்கள் பெயரையும் சிவப்பிலும் நீலத்திலும் எழுதியவர் அவர். அந்த முதலாளிகளில் ஒருத்தர்கூட அவரைக் கடைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னதில்லை. வெளிச்சம் வேண்டும், அதைச் செய்த ஆள் ஏணியோடு வாசலோடு போய்விட வேண்டும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எனக்குத்தான் வயிறு எரியும். அவருக்கு ஒரே கவலை, குழாயில் கோட்டம் இருக்கக் கூடாது. ஒவ்வொரு குழாயையும் தூக்கி, இடது கண்ணை மூடி, வலது கண்ணை முனையில் வைத்து நீளவாக்கில் பார்ப்பார். எதிர் டீக்கடைக்காரர், "இன்னைக்கு யாரச் சுடப் போறீக?" என்று தினமும் கேட்பார். அதற்கு இவர், "ஒங்க டீயக் குடிச்சே பாதிப்பேரு போயிட்டாக, நான் வேற எதுக்கு?" என்பார். அந்தக் கண்தான் இன்றைக்கு இல்லை.

பொய் சொல்ல உனக்குக் கற்றுக்கொடுத்தது நான். அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நீ ஆறாவது படிக்கும்போது, போடிக்குப் போக வேண்டிய ஒரு ஜவுளிக்கடைப் பலகையில் 'வ' எழுத்தை முழங்கையால் தட்டி உடைத்தாய். அப்பா வெளியே போயிருந்தார். நீ அழுதாய். நான், வண்டியில் ஏற்றும்போது உடைந்தது என்று சொல்லிவிடு என்றேன். அப்பா நம்பினார். போடிக்குப் போய் அந்த முதலாளியிடம், தான் கட்டியதில்தான் தப்பு, மறுநாளே வேறு எழுத்து வளைத்துத் தருகிறேன் என்று தெருவில் நின்று சொன்னார். முதலாளி உள்ளே உட்கார்ந்து பத்துப் பேர் கேட்க ஏசினார். நீ அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். வீட்டுக்கு வந்து நீ சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "அப்பாவத்தான திட்டுனாக, என்னையத் திட்டலயே." எனக்கு அன்றைக்கே சுருக்கென்றது. ஆனாலும் உன்னைக் கண்டிக்கவில்லை. படிக்கிற பிள்ளை, வசவு அவனுக்கு எதற்கு, நாம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நம்மைப் போன்ற வீடுகளில் ஒரு பிள்ளை படிக்கிறது என்றால் மற்றவர்கள் அத்தனை பேரும் சூட்டை வாங்கிக்கொள்வது என்று ஆகிவிடுகிறது.

எம்.எஸ்ஸி. கடைசி வருடம் நீ ஒரு படத்தை வரைந்து எடுத்துக்கொண்டு வந்தாய். லேசர் என்றாய். கார்பன் டை ஆக்சைடு வாயுவில் ஓடுகிற லேசர். வெளியில் விலைக்கு வாங்கக் கல்லூரியில் வழியில்லை, செய்தால்தான் உண்டு, செய்தால் உனக்குப் பெரிய இடத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும் என்று உன் பேராசிரியர் சொல்லியிருந்தார். உன் அப்பா படத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏலே, இது நம்ம டியூபுதான், வளைக்காத டியூபு" என்றார். பாதி சரி. ஒரு மீட்டர் நீளத்துக்கு நேரான குழாய், அதற்குள் வாயு, இரண்டு பக்கமும் மின்முனை, நம் டிரான்ஸ்பார்மர், நம் பம்ப். மீதிப் பாதிதான் எட்டு மாதம் ஆட்டி வைத்தது. வாயு ஓடும் குழாயைச் சுற்றி இன்னொரு குழாய், இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் ஓட வேண்டும். உள்குழாயையும் வெளிக்குழாயையும் முனையில் வளையம் போலச் சேர்த்து ஒட்டவேண்டும். நம் நியான் கண்ணாடி அதற்குத் தாங்கவில்லை. உன் கல்லூரி ஆய்வகத்தில் உடைந்து கிடந்த கெட்டிக் கண்ணாடிச் சாமான்களிலிருந்து தேடி எடுத்துவந்தாய். அது இளக நம் தீ போதவில்லை, வெல்டிங் பட்டறையிலிருந்து ஆக்ஸிஜன் கொண்டுவந்தோம். ஒட்டிய மூன்று குழாயும் ஆறும்போது டக்கென்று விரிசல் விட்டன. நான்காவதை, ஒட்டிய சூட்டோடு நெல் உமிச் சாம்பலில் புதைத்துவிடுங்கள், மெல்ல ஆறட்டும் என்று சொன்னது நான். அது நின்றது. அன்றைக்கு உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதை கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்று நீ எங்களுக்குச் சொன்னதை நான் மறக்கவில்லை. அன்றைக்கு நீ நல்ல பிள்ளை. எங்களை உட்காரவைத்து, நாங்களும் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் என்று நினைத்துச் சொன்னாய். உள்ளே மூன்று வாயு. மின்சாரம் பாய்ந்ததும் முதலில் அடி வாங்குவது நைட்ரஜன். அடி வாங்கி அதிர ஆரம்பிக்கும். ஆனால் அந்த அதிர்வைத் தானாக வெளியே விடத் தெரியாது, சுமந்துகொண்டே திரியும். கார்பன் டை ஆக்சைடு மேல் இடிக்கும்போது சுமையை அதனிடம் இறக்கிவிடும். கார்பன் டை ஆக்சைடுக்கு விடத் தெரியும். அது விடுவதுதான் லேசர். விட்ட பிறகும் அதனிடம் கொஞ்சம் அதிர்வு மிச்சமிருக்கும், அதைத் தீர்த்து அடுத்த சுமைக்குத் தயார் செய்வது ஹீலியம். அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டுபோய்க் குழாயின் சுவரில் விடும், சுவரிலிருந்து தண்ணீர் கொண்டுபோகும். ஒன்று விட்ட ஒளி பக்கத்தில் நிற்பதையும் தூண்டிவிடும், அதே திசையில் அதே தாளத்தில். இரண்டு முனையிலும் தங்கப் பூச்சு போட்ட கண்ணாடிகள், ஒளி அவற்றுக்கு நடுவில் போய்ப் போய் வந்து பெருகும். முன்கண்ணாடியின் நடுவில் சின்னத் துளை. அதன் வழியாகக் கொஞ்சம் வெளியே வரும். "சுமக்கிறது ஒண்ணு, பேரு வாங்குறது ஒண்ணு, சூடு வாங்குறது ஒண்ணா?" என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொன்னாய். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. குழாய்க்குள் ரோஸ் நிறத்தில் தெரிவது வாயு எரிகிற வெளிச்சம், அது லேசர் இல்லை. லேசர் வெப்பம் மாதிரி, பட்டால்தான் தெரியும். சாதாரணக் கண்ணாடி அதை விடாது, அதனால் முன்துளையை மூட உப்புக்கட்டியை அறுத்து வழவழப்பாகத் தேய்த்த வில்லை ஒன்றைக் கல்லூரியிலிருந்து கொண்டுவந்தாய். உப்பு! ஆடிச் சாரலில் நம் அடுக்களை உப்புச் சாடியே கசிந்து நிற்கும். கம்பம் பக்கமிருந்து ஈரக்காற்று வந்ததும் உன் வில்லை ஒரே நாளில் பால் மாதிரி வெளுத்துப் போனது. இரண்டு வில்லை போன பிறகு, பக்கத்தில் ஒரு நாற்பது வாட் பல்பை எரியவிட்டு வை, அந்த வெதுவெதுப்பில் ஈரம் ஏறாது என்றேன். அப்படித்தான் மூன்றாவது வில்லை பிழைத்தது. கார்பன் டை ஆக்சைடு சோடாக் கம்பெனியிலிருந்து வந்தது. ஹீலியத்துக்கு மட்டும் மதுரைக்கு அலைந்தாய். எல்லாம் பொருந்தியும் லேசர் வரவில்லை. 'வரவில்லை' என்பது அந்த எட்டு மாதமும் நம் வீட்டுச் சொல். வாசலில் நுழையும்போதே உன் அப்பா, "வந்துச்சா?" என்பார். நீ, "வரலப்பா" என்பாய். டீக்கடைக்காரர்கூட, "பொண்ணு பாக்க வர்றவுகளுக்குக்கூட இம்புட்டுக் காத்திருக்க மாட்டாக" என்று கேலி பேசினார்.

அந்த மாசி மாத நாளுக்கு வருகிறேன். நான் காலையில் சின்னமனூரில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டு மதியம் திரும்பினேன். உன் அப்பா ஒரு தியேட்டர் பலகையைப் பழுதுபார்க்க ஏணியில் இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நீ மட்டும் காலை முழுக்கக் கடையில் இருந்தாய். நான் வந்தபோது சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாய். அப்பா வழக்கம்போலக் கேட்டார். நீ செருப்பை மாட்டிக்கொண்டே, குனிந்த தலையை நிமிர்த்தாமல், "வரலப்பா. சாரக் கூட்டிட்டு வாரேன், அவுக பாத்துச் சொல்லட்டும்" என்றாய். பஸ் ஏறிப் போய்விட்டாய்.

நீ போன பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேராசிரியர் வந்து பார்க்கும்போது லேசர் வராமல் இருந்தால் பிள்ளைக்குத் தலைகுனிவு என்றார். "ஏ புள்ள, பம்பப் போடு. அவன் வர்றதுக்குள்ள வர வச்சிருவம்." நான் பம்பைப் போட்டேன், தண்ணீரைத் திறந்தேன், வாயு வால்வை நீ காட்டிய அளவுக்குத் திருகினேன். அவர் டிரான்ஸ்பார்மரைப் போட்டார். ரோஸ் நிறம் நிறைந்தது. கண்ணாடி ஏதோ ஒன்று கோணலாக இருக்க வேண்டும், அதனால்தான் வரவில்லை என்பது அவர் எண்ணம். எப்போதும் குழாயின் முன்னால் ஒளியைத் தடுக்க ஒரு செங்கல் இருக்கும், அதைத் தாண்டி யாரும் தலையை நீட்ட முடியாது. அன்றைக்கு அது அங்கே இல்லை. பெஞ்சுக்கு அடியில் தள்ளியிருந்தது. அவர் இடது கண்ணை மூடினார். இருபது வருஷமாக எப்படிப் பார்க்கிறாரோ அப்படி, வலது கண்ணை உப்பு வில்லைக்கு நேராகக் கொண்டுபோனார்.

ஸ் என்று ஒரு சத்தம்தான். அடுப்பில் தண்ணீர் சிந்தியதுபோல. கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சுவிட்சை அடித்துவிட்டு ஓடினேன். அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை: "ஏ புள்ள... வந்துருச்சு."

சாயங்காலம் நீ பேராசிரியரோடு வந்தாய். மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி பேசிக்கொண்டிருந்தோம். கண்ணில் ஈரத்துணியோடு அவர் எழுந்து நின்றார். "ஏலே, வந்துருச்சுடா. மொத மொதல்ல என் கண்ணுலதான் விழுந்துருக்கு." நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். பிறகு பெஞ்சுக்கு அடியில் செங்கல் கிடந்த இடத்தைப் பார்த்தாய். அப்புறம், "ஆமாப்பா" என்றாய்.

நீ அன்றைக்குக் கழற்றிப் போட்ட சட்டையை மூன்று நாள் கழித்துத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு நோட்டு அட்டைத் துண்டு. நடுவில் பயறு அளவுக்குக் கருகிய ஓட்டை. பக்கத்தில் உன் கையெழுத்து: 10.15, வந்தது. காலையிலேயே வந்துவிட்டது. அதை முதலில் பார்க்கிறவர் பேராசிரியராக இருக்க வேண்டும் என்று நினைத்தாய். கருகிய அடையாளம் யார் கண்ணிலும் படக்கூடாது என்று அட்டையைப் பைக்குள் வைத்தாய், சூடு பட்ட செங்கலை இறக்கிப் பெஞ்சுக்கு அடியில் காலால் தள்ளினாய். குழாய் செய்தவரிடம் வரவில்லை என்று சொன்னாய். எட்டு மாதம் வாயால் ஊதி அந்தக் குழாயைக் கொண்டுவந்த மனிதருக்குச் சொல்வதற்கு முன்னால், அவரை ஒருநாளும் உட்காரச் சொல்லாத உலகத்திலிருந்து ஒருத்தரைக் கூட்டிவரப் போனாய்.

நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரம் பெங்களூரில் உனக்கு ஆராய்ச்சிக்கான நேர்முகத் தேர்வு. ஒரு கண் போனது போனதுதான், பிள்ளையாவது கரையேறட்டும் என்று அட்டையை உப்பு வில்லை வந்த தகர டப்பாவில் போட்டு மூடினேன். 'வ' எழுத்து உடைந்த அன்றைக்குச் செய்ததையே மறுபடியும் செய்தேன். கல்லூரி விழாவில் பேராசிரியர் மேடையில் உன் லேசரால் மரப்பலகையைத் துளைத்துக் காட்டினார், கைதட்டினார்கள். உன் அப்பா கடைசி வரிசையில் பச்சைத் துணி கட்டிய கண்ணோடு எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார். லேசரைப் பற்றி நீ ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையைப் பக்கத்துத் தெரு வாத்தியாரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கல்லூரி முதல்வருக்கு நன்றி, நிர்வாகத்துக்கு நன்றி, ஸ்டோர் கீப்பருக்கு நன்றி. குழாயைப் பற்றி ஒரு வரி: உள்ளூரில் செய்யப்பட்டது. எந்த ஊர், எந்த ஆள், எந்த வாய் ஊதியது என்பதெல்லாம் இல்லை. உன்னை மட்டும் சொல்லவில்லை. படித்தவர்கள் எல்லாருமே இப்படித்தான் எழுதுகிறீர்கள். கட்டிடம் 'கட்டப்பட்டது', ரோடு 'போடப்பட்டது', அணை 'எழுப்பப்பட்டது'. செய்தவனை அழிப்பதற்கென்றே ஒரு வாக்கியம் வைத்திருக்கிறீர்கள்.

இதையெல்லாம்கூட விழுங்கிக்கொண்டேன். இரண்டு வருஷம் விழுங்கினேன். கருவிழியில் வெள்ளைத் தழும்பு, இனிப் பார்வை திரும்பாது என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அவர் அதைப் பதக்கம் மாதிரி சுமந்து திரிகிறார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், இந்தப் பக்கத்திலேயே முதல் லேசர் வெளிச்சம் விழுந்தது என் கண்ணில் என்கிறார். அந்தப் பெருமையைப் பிடுங்க எனக்கும் மனம் வரவில்லை. இப்போது பிடுங்கியே ஆக வேண்டும். உன் பேராசிரியர் சொல்லி, வேறொரு கல்லூரியிலிருந்து இரண்டு குழாய் கேட்டு ஆள் வந்தது. இவர் சரியென்றுவிட்டார். முதல் குழாய் ஒட்டி, சாம்பலில் ஆறி, பெஞ்சில் ஏறிவிட்டது. சோடாக் கம்பெனி சிலிண்டர் வந்துவிட்டது. போன வாரம் பம்பைப் போடச் சொன்னார். ரோஸ் நிறம் வந்தது, மரத்துண்டு கருகவில்லை. வரவில்லை. அவர் வலது கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். மிச்சமிருக்கிற கண்ணை, ஏலே, அந்தத் துளைக்கு நேராகக் கொண்டுபோனார். நான் மெயினையே பிடுங்கிவிட்டேன்.

சண்டை வந்தது. அணைத்துவிட்டுப் பாருங்கள் என்றேன். அணைத்தால் உள்ளே இருட்டு, எப்படித் தெரியும் என்றார். வராத குழாய் என்ன செய்யும், அன்றைக்கு அது வந்த நொடியும் நான் கண்ணை வைத்த நொடியும் ஒன்றாகிவிட்டது, அது என் நேரம், இன்னொரு தடவை அப்படி ஒத்து வருமா என்றார். புரிகிறதா? நீ சொன்ன 'வரல' என்ற ஒரு சொல்லின் மேல்தான் அவர் இன்றைக்கும் தலையை வைத்திருக்கிறார். வரவில்லை என்று சொல்லப்பட்ட குழாயிலும் அது ஓடிக்கொண்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. நான் தகர டப்பாவைத் திறந்து அட்டையை அவர் கையில் கொடுத்தேன். காலையிலேயே வந்துவிட்டது, அவன் மறைத்துவிட்டான் என்று சொன்னேன். நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். மணி இருக்கிறது, தேதி இல்லை. "இது வேற நாளு" என்றார். நான் இல்லை என்றேன். அட்டையை என் பக்கம் தள்ளினார். "எம்புள்ள எங்கிட்ட வரலன்னு சொன்னான். வந்திருந்தா வந்துச்சுன்னு சொல்லிருப்பான். நீ சொன்னா நான் நம்பணுமா? அவன் வந்து சொல்லட்டும்."

மெயின் சுவிட்சின் பியூஸை இப்போது என் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு முடியும்? கடையில் மற்ற வேலை நடக்க வேண்டாமா? நான் அடுக்களைக்குப் போகிற நேரம், தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம், ஒரு கம்பியைச் சொருகினால் ஓடிவிடும். அவர் கையால் முடியாத வேலையா? இதை எழுதும்போதுகூட அங்கன பெஞ்சில் ஸ்பேனர் சத்தம் கேட்கிறது, பின்கண்ணாடியின் திருகைத் திருப்புகிறார். காலை முதல் மூன்று தடவை கேட்டுவிட்டார், தபால் வந்ததா, அவன் எழுதினானா என்று. பணம் அனுப்பாதே. கம்பளியைப் பற்றி எழுதாதே. மன்னிப்பும் எனக்கு வேண்டாம், அது உன் வசதிக்கு. பஸ்ஸோ ரயிலோ ஏறி வந்து அவர் முன்னால் நில். நிமிர்ந்து, அவருடைய இரண்டு கண்ணையும் பார்த்துப் பதில் சொல். எட்டு மாதம் அவர் உன்னிடம் கேட்ட அதே கேள்விதான், வேறொன்றும் இல்லை.

ஏலே, அன்னைக்குக் காலைல வந்துச்சா, வரலையா? சொல்லு.